தோப்புக்குப் பேர் வந்த வழி: வேலூர்ப் பக்கத்தில் விசாரிப்பது எப்படி

ஊரில் "முதலியார் தோப்பு" என்று சொன்னதும், ஏதோ ஒரு முதலியாரின் சொத்து என்று முடிவுகட்டிக்கொண்டு பலர் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பதிவேட்டைப் பிரித்தால் "அரசு, தோப்புப் புறம்போக்கு" என்று இருக்கிறது. ஊர் பொய் சொல்கிறதா, பதிவேடு தப்பா என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்புகிறார்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். இந்தப் பகுதியின் பழைய மாவட்டமான வட ஆற்காட்டில் தோப்பு என்பது ஒரே முடிச்சில் அடங்கும் சொத்தாக இருந்ததில்லை. மண் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது, பேர் மூன்றாமவருடையது என்று இருப்பது சகஜம். எனவே மண், மரம், பேர் ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேடிக் கடைசியில்தான் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். கீழே சொல்லும் வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

பேர் எங்கிருந்தெல்லாம் வரும்

மண்ணுக்குச் சொந்தக்காரர் பேர் ஒட்டிக்கொள்வது ஒரு வகை. அதைவிட அதிகமாகப் பார்ப்பது மரம் வைத்தவரின் பேர். குடியானவரிடமே சர்க்கார் நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில், புறம்போக்கில் மரம் வைத்து ஆளாக்கியவருக்கு அந்த மரங்களின் பலனை மட்டும் அனுபவித்துக்கொள்ள உரிமை கொடுத்தார்கள். கிராமக் கணக்கில் அது 2-சி கணக்கில் ஏறும். "2-சி பட்டா" என்றும் "மரப்பட்டா" என்றும் ஊரில் சொல்வது இதைத்தான். மண்ணுக்கு அது பட்டா ஆகாது. தாத்தா வைத்த புளியமரத்தைப் பேரன் உலுக்கிக்கொண்டிருப்பார், தோப்பும் தாத்தா பேரில் நிற்கும், நிலம் மட்டும் என்றைக்கும் சர்க்காருடையது.

மூன்றாவது வகை பதவிப் பேர். "மணியக்காரர் தோப்பு", "கணக்குப்பிள்ளை தோப்பு" என்பவை ஆளின் பேர் அல்ல, ஊர்த் தலைமையும் ஊர்க் கணக்கும் பார்த்தவர்களின் பதவிப் பேர். பரம்பரை கிராம அதிகாரிகள் பதவி 1980-ல் ஒழிக்கப்பட்டு, பின்னால் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதற்கு முன் மணியம் ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாறியிருந்தால், ஒரே தோப்பு இரண்டு குடும்பங்களின் கையில் இருந்திருக்கும், பேர் மாறியிருக்காது. "எங்கள் குடும்பத் தோப்பு" என்று இரண்டு வீட்டார் சொல்லும்போது சண்டையை விலக்குவதற்கு முன் எந்த வருஷத்தில் யார் மணியம் பார்த்தார் என்று கேளுங்கள்.

நான்காவது தர்மத் தோப்பு. பாட்டையோரம் வழிப்போக்கர் நிழலுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் சத்திரத்துக்கும் தோப்பு வைத்துவிட்டவர்கள் உண்டு. அதைப் பராமரிக்க இனாமாக, அதாவது வரி நீக்கியோ குறைத்தோ மானியமாக, நிலம் விடுவதும் உண்டு. பக்கத்தில் பழைய குளமோ, சுமைதாங்கிக் கல்லோ, சாவடி இடிபாடோ இருந்தால் இந்த வழியில் யோசியுங்கள். ஐந்தாவது குத்தகைப் பேர். இருபது வருஷம் ஒருவரே மாங்காய்க் குத்தகை எடுத்தால் தோப்பு அவர் பேருக்குப் போய்விடும், சொந்தக்காரர் யாரென்று பக்கத்து ஊருக்கே தெரியாது. குடும்பப் பெரியவரை நிலத்திலேயே அடக்கம் செய்து, அந்தச் சமாதியால் பேர் நிலைத்த தோப்புகளும் இருக்கின்றன. அங்கே பேர் அடக்கமானவருடையது. அதற்கு முன்னும் அந்தத் தோப்புக்கு ஒரு பேர் இருந்திருக்கும்.

பட்டப்பெயரில் ஒரு கண்ணி

இந்த மாவட்டத்தில் பட்டப்பெயரை வைத்துச் சாதியையோ குடும்பத்தையோ அடையாளம் காணப்போனால் சறுக்கும். முதலியார் என்பது துளுவ வேளாளருக்கும் உண்டு, குடியாத்தம் பக்கம் நெசவுத் தொழில் செய்யும் செங்குந்தருக்கும் உண்டு. கவுண்டர் என்றதும் கோயம்புத்தூர்க்காரர்கள் நினைக்கும் ஆள் வேறு. இங்கே பெரும்பாலும் வன்னியர், ஜவ்வாது மலை ஏறினால் மலையாளிகள். அரக்கோணம், ராணிப்பேட்டைப் பக்கத்தில் நாயக்கர் என்று வன்னியரும் போட்டுக்கொள்வார்கள், தெலுங்கு பேசுபவர்களும் போட்டுக்கொள்வார்கள். ஆம்பூரில் ரெட்டித்தோப்பு இருக்கிறது. இன்று அது வீடுகள் நிறைந்த பகுதி. எந்த ரெட்டி என்று பேர் மட்டும் சொல்லாது. பத்திரத்தில் தகப்பனார் பேரோடு ஆள் கிடைக்கும்வரை பட்டப்பெயரை ஒரு தடயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தோப்பும் ஆள் பேரில் வருவதில்லை என்பதற்கு ராணிப்பேட்டை அருகே உள்ள நவ்லாக்கே சாட்சி. ஒன்பது லட்சம் என்ற பொருளில் நவாபுகள் காலத்துத் தோட்டத்துக்கு வந்த பேர் அது. இன்று அங்கே அரசுத் தென்னைப் பண்ணை இருக்கிறது. யாரோ "நவ்லாக்" என்ற துரை என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆற்காடு என்ற பேரே காட்டுப் பேர்தான். ஆறு முனிவர்கள் தவம் செய்த ஆறு காடு என்று தலபுராணக்காரர்கள் சொல்வார்கள். ஆர் என்றால் ஆத்தி, ஆத்தி மரக்காடு என்று தமிழ்ப் புலவர்கள் சொல்வார்கள். இரண்டு கதையையும் கேட்டுக்கொள்ளலாம், உங்கள் தோப்புக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

காப்புக்காட்டை இந்தத் தேடலில் சேர்க்கவேண்டாம். 1882-ஆம் வருஷத்து வனச் சட்டத்தின்படி அறிவித்த காப்புக்காடுகளுக்கு ஊர் பேரோ மலை பேரோதான் வைத்தார்கள், குடும்பப் பேர் அபூர்வம். ஜமீன் காடு என்று ஊரில் சொல்லும் இடம் மட்டும் விதிவிலக்கு. 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் அது சர்க்காருக்குப் போயிருக்கும், பேச்சில் மட்டும் பழைய பேர் மிஞ்சியிருக்கும்.

முதலில் புல எண்

பேரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் தேட முடியாது. புல எண்ணாக மாற்றினால்தான் பதிவேடு பேசும். தோப்பின் நடுவில் நின்று கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் இணைய வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டால் கிராமமும் புல எண்ணும் உட்பிரிவும் வரும். செயற்கைக்கோள் படத்தின்மேல் புல எல்லை சில இடங்களில் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் நின்று குறித்தால் பக்கத்து நிலத்தின் எண் வந்துவிடும். அதனால்தான் நடுவில் நிற்கச் சொல்வது. தோப்பு பெரிதாக இருந்தால் நான்கு மூலையிலும் உள்ளே இருபது அடி தள்ளி நான்கு புள்ளி எடுங்கள். ஒரு தோப்பு மூன்று நான்கு புல எண்ணில் பரவியிருப்பது சாதாரணம். அதில் ஒன்று பட்டா, ஒன்று புறம்போக்கு என்று பிரிந்திருந்தால் கதையின் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்து வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டு (கிராமத்தின் எல்லாப் புல எண்களையும் பட்டியலிடும் பதிவேடு) விவரத்தையும் புலப்படத்தையும் எடுங்கள். அ-பதிவேட்டில் நமக்கு வேண்டியவை நான்கே இடங்கள்: பழைய புல எண், ரயத்துவாரியா அரசா இனாமா என்ற பகுதி, பட்டா எண்ணும் பேரும், கடைசியில் குறிப்பு. புறம்போக்காக இருந்தால் குறிப்பில் தோப்பு, களம், மயானம், குட்டை என்று எதற்கான புறம்போக்கு என்று இருக்கும். இணையத்தில் வரும் விவரம் சுருக்கம்தான். முழுப் பதிவேட்டின் நகல் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டால்தான் கிடைக்கும்.

பழைய புலப்படத்தில் அளவு லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் சேர்ந்தது ஒரு சங்கிலி, அது 66 அடி. படத்தில் 150 என்று இருப்பதை 150 அடி என்று படித்து டேப் பிடிப்பவர்கள் உண்டு. லிங்க்கில் அது 99 அடி, புதிய படமாக இருந்தால் 150 மீட்டர். எந்த அலகு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோப்பின் பரப்பை மரத்தை எண்ணியும் சரிபார்க்கலாம். மா, புளி இரண்டும் ஏறக்குறைய 33 அடிக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு மரத்துக்கு இரண்டரை சென்ட், ஏக்கருக்கு 40 மரம். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு மரம் என்றால் 48 மரம், ஒரு ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் இது 0.48.50 ஹெக்டேர் என்று வரும். தென்னை என்றால் 25 அடிக்கு ஒன்று, ஏக்கருக்கு 70. விழுந்த மரத்தின் குழியையும் அடிக்கட்டையையும் சேர்த்து எண்ணவேண்டும். மரக் கணக்கில் வரும் பரப்பு பட்டாவைவிட மிக அதிகமாக இருந்தால், தோப்பு பக்கத்துப் புறம்போக்கில் நீண்டிருக்கலாம். 2-சி கணக்கைக் கேட்கவேண்டியது அப்போதுதான்.

பின்னோக்கிப் போவது

இன்றைய பட்டாவில் இருக்கும் பேருக்கும் தோப்பின் பேருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1979-ல் தொடங்கி 1980-களில் நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புத் திட்டத்தில் அப்போது அனுபவத்தில் இருந்தவர் பேருக்குப் பட்டா மாறியது. அதற்கு முந்தின நிலையைச் செட்டில்மென்ட் பதிவேட்டில் பார்க்கவேண்டும். ஊரில் எஸ்.எல்.ஆர். என்பார்கள். அ-பதிவேட்டில் இருக்கும் பழைய புல எண்ணைத்தான் இங்கே கொடுக்கவேண்டும். புதிய எண்ணைக் கொடுத்துவிட்டு "அப்படி ஒரு நிலமே இல்லையாம்" என்று திரும்பிவருபவர்கள்தான் அதிகம்.

நகல் கிடைக்கத் தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும். "தோப்பின் வரலாறு வேண்டும்" என்று எழுதினால் தகவல் இல்லை என்றுதான் வரும். கிராமம், பழைய புல எண், எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்க நகல் என்று எழுதுங்கள். 2-சி கணக்கு வேண்டுமானால் பசலி ஆண்டையும், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டையும், சேர்த்துக் கேளுங்கள். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், தொடக்கம் ஜூலை 1. பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை.

தோப்பு இனாம் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் வேலை சென்னைக்கு நகரும். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து, யார் கொடுத்தது, யாருக்கு, எதற்காக, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று எழுதிவைத்தது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. உரிமைப் பத்திர எண், அதாவது டி.டி. எண் கையில் இருந்தால் தேடல் சீக்கிரம் முடியும். அந்த எண் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலோ குடும்பத்தின் பழைய பத்திரத்திலோ இருக்கும். குடும்பப் பேர் கொண்ட தோப்புக்கு இதைவிட நல்ல சான்று அனேகமாகக் கிடைக்காது.

மாவட்ட எல்லை மாறியதை மறந்தால் இங்கே வழி தவறும். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். அந்த வருஷம்தான் சித்தூர் தனி மாவட்டமானது, திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து இங்கே வந்தது. ஆகவே வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்துத் தோப்புக்கு 1911-க்கு முந்தின காகிதத்தைச் சேலம் மாவட்டம் என்ற தலைப்பில் தேடவேண்டும். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே ஊருக்கு நான்கு தலைமுறையில் மூன்று மாவட்ட முகவரி இருக்கலாம். தேடும் ஆவணத்தின் வருஷத்துக்கு ஏற்ற முகவரியைக் கொடுங்கள்.

பத்திரத்தில் செக்குபந்தி

பேர் எழுத்தில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பத்திரம்தான், அதிலும் தோப்பின் சொந்தப் பத்திரத்தைவிடப் பக்கத்து நிலத்தின் பத்திரம். தோப்புக்காரர் தன் பத்திரத்தில் "மேற்படி புஞ்சையும் அதிலுள்ள மா மரங்களும்" என்று எழுதிக்கொள்வார். பக்கத்துக்காரர்தான் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை சொல்லும்போது "இன்னார் தோப்புக்கு" என்று பேர் சொல்லி எழுதியிருப்பார். ஆகவே சுற்றியுள்ள நான்கு நிலத்துக்கும் வில்லங்கச் சான்று போடுங்கள். 1975-க்குப் பிந்தினது பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்குப் பதிவுத் துறைத் தளத்திலேயே பார்க்கலாம். முந்தினதற்கு மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்லவேண்டும், கட்டணம் வருஷக் கணக்கில் ஏறும். நூறு வருஷத்துக்கு ஒரேயடியாகக் கேட்காமல் முதலில் ஒரு பத்துப் பதினைந்து வருஷத்துக்குக் கேட்டு, அதில் வரும் தாய்ப்பத்திர எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது செலவு குறைவு.

செக்குபந்தியைப் படிப்பதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. "முனிசாமி தோப்புக்குக் கிழக்கு" என்று இருந்தால், தோப்பு கிழக்கே இருக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விற்கும் நிலம் தோப்புக்குக் கிழக்கே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள், அதாவது தோப்பு மேற்கே. திசையை மாற்றிப் படித்து வேறொரு நிலத்தைத் தோப்பாகக் குறித்துக்கொண்டு, அங்கே புறம்போக்கு இருக்கிறது என்று புகார் வரை போனவர்கள் உண்டு. ஒரு வெள்ளைத்தாளில் நடுவில் கட்டம் போட்டு, "க்கு" என்று வரும் ஒவ்வொரு பேரையும் எதிர்த்திசையில் எழுதிக்கொண்டே போனால் தவறாது. "வடக்கில்", "வடபுறம்" என்று தொடங்கிப் பேர் எழுதியிருந்தால் மட்டும் திசையை நேராக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பாணியும் ஒரே பத்திரத்தில் கலந்துவருவது எழுத்தரைப் பொறுத்தது.

பழைய பத்திரத்தில் வருஷம் தமிழ்ப் பேரில் இருக்கும். விக்ருதி என்றால் 1890-91 ஆகவும் இருக்கலாம், 1950-51 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷம் தள்ளிப்போனால் ஆளே மாறிவிடும். முத்திரைத்தாளில் ராணியா, ராஜாவா, அசோகர் சின்னமா என்று பாருங்கள், குழப்பம் தீரும். இன்னொரு சிக்கல் பேரன் பேர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைக்கு அதே பேர் வரும். 1900-ல் தோப்பு வைத்த பொன்னுசாமியும் 1960-ல் விற்ற பொன்னுசாமியும் ஒரே ஆள் என்று எழுதிவிடாதீர்கள். தகப்பனார் பேரைப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வரவேண்டும்.

ஊரில் கேட்பது

காகிதம் கொஞ்சம் சேர்ந்தபின் ஊரில் கேட்பது நல்லது. எதுவும் தெரியாமல் போய்க் கேட்டால் யார் சொன்னதையும் எடைபோட முடியாது. "இது யார் தோப்பு?" என்று கேட்டால் இன்றைய சொந்தக்காரர் பேர் வரும், கூடவே நிலம் வாங்க வந்த புரோக்கர் என்ற சந்தேகமும் வரும். "ஆயா, நீங்க கல்யாணமாகி வந்தப்போ இதை என்னன்னு கூப்பிடுவாங்க?", "தாத்தா, இங்க மொதல்ல செடி வச்சு தண்ணி ஊத்தினது யாரு?", "புளி உலுக்குற ஏலம் அந்தக் காலத்துல யார் எடுப்பாங்க?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் மூன்று வேறு பேர் வந்தால் நல்லது. பேர், மரம், பலன் மூன்றும் பிரிந்து நிற்கின்றன என்று அர்த்தம்.

சொந்தக்காரர் குடும்பத்தைக் கடைசியில் பாருங்கள். ஆடு மேய்த்தவர்கள், புளி உலுக்கும் குத்தகைக்காரர்கள், கழனி வேலைக்குப் போய் மத்தியானம் தோப்பில் சோறு தின்ற பெண்கள் ஆகியோரிடம் கூப்பாட்டுப் பேர் கலப்படமில்லாமல் இருக்கும். கழனி என்பதை அவர்கள் "கயனி" என்பார்கள். அவர்கள் வாயில் வரும் உச்சரிப்பிலேயே முதலில் எழுதிக்கொள்ளுங்கள், திருத்திய வடிவத்தைப் பிறகு பக்கத்தில் போடலாம். ஆந்திர எல்லையோரம் குடியாத்தம், காட்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் ஒரே தோப்புக்குத் தமிழ்ப் பேர் ஒன்று, தெலுங்குப் பேர் ஒன்று, சில இடங்களில் உருதுப் பேர் ஒன்றும் இருக்கும். மூன்றையும் கேளுங்கள். ஒன்றில் அழிந்த குடும்பப் பேர் இன்னொன்றில் இருக்கும்.

தோப்புக்குள் பார்க்கவேண்டியவை

வரிசை பிடித்து நின்றால் கை வைத்து வளர்த்த தோப்பு. தாறுமாறாக வேம்பும் புங்கனும் நாவலும் கலந்து நின்றால் தானாக வளர்ந்ததோ கோயில் காடோ. நெட்டையாக, கீழ்க்கிளை இல்லாமல், கொட்டையிலிருந்து வளர்ந்த நாட்டு மா பழைய நடவு. தரையோரம் ஒட்டுத் தழும்பும் தாழ்ந்த கிளையும் இருந்தால் ஒட்டு மா, பிந்தின நடவு. இரண்டும் கலந்திருந்தால் தோப்பு கைமாறி இடைவெளி நிரப்பப்பட்டிருக்கிறது. அடிமரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளந்து குறித்துவையுங்கள். ஆனால் சுற்றளவை வைத்து வயது சொல்லாதீர்கள். பாலாற்றோர மணலில் நிற்கும் புளியும் கல்லாங்குத்தில் நிற்கும் புளியும் ஒரே வயதில் ஒரே பருமனில் இருக்காது.

கிணற்றைச் சுற்றிப் பாருங்கள். மாடு பூட்டிக் கவலை (தண்ணீர் இறைக்கும் சால்) இறைத்த கிணறு என்றால் கல்தூணும் மாடு முன்னும் பின்னும் நடந்த சரிவும் இன்னும் இருக்கும். கிணற்றின் உட்சுவரிலும் படிக்கல்லிலும் வெட்டியவர் பேரும் வருஷமும் பொறித்திருப்பது உண்டு. சுண்ணாம்புக்கட்டி தேய்க்கவோ கம்பியால் சுரண்டவோ வேண்டாம். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ சாய்ந்த வெயிலில், பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால் எழுத்து தானே எழும்பும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் தோப்பைத் தேடுபவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். இரண்டு ஏக்கர் தோப்பு இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. வரைபடத்தில் இல்லை என்பதால் தோப்பே இல்லை என்று ஆகாது.

எழுதிவைக்கும் விதம்

ஒரு தோப்புக்கு ஒரு பக்கம் போதும். மேலே கூப்பாட்டுப் பேர், சொன்னபடியே. அதன்கீழ் கிராமம், தாலுகா, பழைய எண், புதிய எண். பிறகு மூன்று வரி: மண் யாருடையது, எந்தப் பதிவேட்டில், எந்த வருஷத்தில், மரம் யாருடையது, எந்தப் பசலியில், பேர் முதன்முதலில் எந்த எழுத்தில் வருகிறது. எழுத்தில் வராவிட்டால் "வாய்மொழி மட்டும்" என்று போடுங்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னார்கள், அவர்கள் ஒரே தெருவா வேறு வேறு தெருவா என்பதையும் எழுதுங்கள். ஒரே வீட்டில் ஐந்து பேர் சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்.

இன்றைய பட்டாதாரரின் பேர், பட்டா எண் ஆகியவற்றைத் தனித்தாளில் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் போடும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். தோப்புப் பேர் உரிமைக்குச் சான்று ஆகாது என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் யாராவது அதை அச்செடுத்துக்கொண்டு ஜமாபந்திக்கு (வருஷாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு) மனுவோடு போவார்கள்.